பங்காளியும் பட்ஜெட் தாளும்

நாகப்பட்டினம் கடலோரத்தில் பணியாற்றும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். ஒவ்வொரு மாதமும் என் சம்பளத்தை நானே மூன்றாகப் பிரித்து எழுதுவேன்: குழந்தைகள் கல்வித் திட்டத்தில் 40 சதவீதம், மீனவப் பெண்களுக்கான வாழ்வாதாரத் திட்டத்தில் 35, பேரிடர் ஆயத்தத் திட்டத்தில் 15. மீதி 10 சதவீதத்தை ஏற்க எந்த நிதி வழங்குநரும் இல்லை. அலுவலக வாடகை, மின்கட்டணம், தணிக்கையாளர் கட்டணம் ஆகியவற்றுக்கும் அதே கதிதான். பட்ஜெட் தாளில் நேரடித் திட்டச் செலவுகள் இரண்டு பக்கம் நீளும்; அமைப்பு உயிரோடு இருப்பதற்கான செலவுக்குக் கடைசியில் ஒரே ஒரு வரி இருக்கும், அதிலும் பெரும்பாலும் பூஜ்யமே இருக்கும்.

நிதி தரும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் உள்ளூர் அமைப்புகளுக்கும் இடையிலான இந்த ஏற்பாட்டைப் ‘பார்ட்னர்ஷிப்’ என்கிறார்கள். எங்கள் ஊரில் பங்காளி என்றால் பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போடும் உரிமை உள்ளவன். அவன் சம்மதம் இல்லாமல் பொதுச் சொத்தை விற்க முடியாது. அந்த அளவுகோலில் பார்த்தால் நாங்கள் பங்காளிகள் அல்ல, குத்தகைதாரர்கள். அதுவும் ஆண்டுக் குத்தகை.

இது இன்று நேற்று தோன்றிய குறையல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உலகெங்கும் திரண்ட நிதி ஏறத்தாழ 1,350 கோடி டாலர். நாகையிலும், கடலுக்கு அப்பால் இலங்கையின் கிழக்குக் கரையிலும் அன்று பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாங்கள் பயிற்சி கொடுத்து உருவாக்கிய களப்பணியாளர்கள், கூடுதல் சம்பளம் தரும் பெரிய நிறுவனங்களுக்கு ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எங்களால் கொடுக்க முடியாததை வேறு யாரோ கொடுத்தார்கள், அவ்வளவுதான். சுனாமி நிவாரணத்தைக் கூட்டாக மதிப்பிட்ட பன்னாட்டு அமைப்புகளின் குழுவே 2006-இல் வெளியிட்ட தன் அறிக்கையில், வெளியிலிருந்து வந்தவர்கள் உள்ளூர் அமைப்புகளைப் புறந்தள்ளி அவற்றின் திறனைக் குலைத்தார்கள் என்று ஒப்புக்கொண்டது.

பத்தாண்டுகள் கழித்து, 2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சி மாநாட்டில் நிதி வழங்கும் நாடுகளுக்கும் பெரிய உதவி அமைப்புகளுக்கும் இடையே ‘கிராண்ட் பார்கெய்ன்’ என்ற உடன்பாடு ஏற்பட்டது. 2020-க்குள் மனிதாபிமான நிதியில் குறைந்தது 25 சதவீதம், கூடுமானவரை நேரடியாக, உள்ளூர் அமைப்புகளுக்கும் தேசிய அமைப்புகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் வாக்குறுதிகளில் ஒன்று. குறித்த ஆண்டு வந்தபோது நேரடியாகப் போய்ச் சேர்ந்தது 5 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டின் தலைவராக இருந்த சமந்தா பவர், தங்கள் நிதியிலும் இதே 25 சதவீதத்தை நான்கு ஆண்டுகளுக்குள் எட்டுவோம் என்று 2021 நவம்பரில் அறிவித்தார். 2022 நிதியாண்டில் அது 10 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. 2025 ஜூலையில் அந்த நிறுவனமே மூடப்பட்டுவிட்டது.

இந்தச் சதவீதக் கணக்குகளைவிட என்னை அதிகம் உறுத்துவது, பணம் கைமாறும் ஒவ்வொரு படியிலும் நிர்வாகச் செலவுக்கான பங்கு எங்கே தங்குகிறது என்பதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் மனிதாபிமான உதவித் திட்டங்களில் மறைமுகச் செலவுக்கு, அதாவது வாடகை, தணிக்கை போன்ற நிர்வாகச் செலவுக்கு, 7 சதவீதம் வரை பெறலாம். ஆனால் பணத்தை முதலில் பெறும் பெரிய நிறுவனமே அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அடுத்த படியில் இருப்பவருக்கு நேரடிச் செலவை மட்டும் அனுப்பினால் அதைத் தட்டிக் கேட்க யார் இருக்கிறார்கள்? இந்த விஷயத்தில் அமெரிக்க விதி கொஞ்சம் நேர்மையானது. மறைமுகச் செலவுக்கு அரசோடு முறையாகப் பேசி முடிவு செய்த விகிதம் எதுவும் இல்லாத அமைப்பு, தானாகவே கோரக்கூடிய பங்கை அது 2024 அக்டோபரில் 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்த்தியது. இடையில் இருக்கும் நிறுவனம் அந்த உரிமையைக் கீழ்ப்படியில் இருப்பவருக்கு மறுக்க முடியாது என்றும் அந்த விதி சொல்கிறது. விதி நல்லதாக இருந்தும், அதன்படி வரவேண்டிய பணம் இப்போது இல்லை என்பது தனிக்கதை.

இங்கே என் பக்கத்துத் தவறையும் சொல்ல வேண்டும். 2020 வரை எங்கள் வழியாக மூன்று சிறிய அமைப்புகள் வெளிநாட்டு நிதியைப் பெற்றுவந்தன. அவர்களுடைய பட்ஜெட்டில் தொலைபேசிக் கட்டணத்தை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பியவன் நான்தான். மேலிருந்து எங்களுக்கு நடந்ததை நாங்கள் கீழே இருந்தவர்களுக்குச் செய்தோம். அந்த ஆண்டு செப்டம்பரில் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றித் தரக் கூடாது என்று ஆனபோது, அந்த மூன்று அமைப்புகளும் ஒரே வாரத்தில் வெறுங்கையோடு நின்றன. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. வெளிநாட்டு நிதி முழுவதும் முதலில் புதுதில்லி ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட ஒரு கிளையில்தான் வந்து சேர வேண்டும் என்றும் ஆனது. நிதியை மாற்றித் தருவதற்கான தடையும் வங்கிக் கிளை நிபந்தனையும் செல்லும் என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனவே நியாயமான கூட்டு பற்றி ஐரோப்பாவில் எழுதப்படும் எந்த ஆவணமும், இந்தியாவில் இடைநிலை அமைப்பின் வழியாகச் சிறிய அமைப்புகளுக்கு நிதி தரும் வழி அடைபட்டுவிட்டது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தச் சட்டப்படி சொந்தப் பதிவோ அரசின் முன் அனுமதியோ இல்லாத சங்கத்துக்கு, அது எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், வெளிநாட்டிலிருந்து ஒரு ரூபாய்கூடத் தர முடியாது.

தாமதத்தின் சுமையையும் எப்போதும் கடைசிப் படியில் இருப்பவரே சுமக்கிறார். ஒருமுறை ஓர் அறிக்கைப் படிவம் மாறியதால் எங்களுக்கு வரவேண்டிய தவணை நான்கு மாதம் தள்ளிப்போனது. களப்பணியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க எங்கள் செயலாளர் தம் இரண்டு வளையல்களைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தார். தவணை வந்தபின் நகை மீண்டது. ஆனால் கட்டிய வட்டியை எந்தத் தலைப்பிலும் எழுத முடியவில்லை, ஏனென்றால் வட்டி அனுமதிக்கப்பட்ட செலவு அல்ல. அதே ஒப்பந்தம் யூரோவில் இருந்ததால், பரிமாற்ற விகிதம் இறங்கியபோது ஏற்பட்ட இழப்பும் எங்களுடையதே ஆனது.

என்னுடைய கடைசி ஆண்டில் வேறொரு நிதி வழங்குநர் வந்தார். மூன்றாண்டு ஒப்பந்தம், பரிமாற்ற இழப்பு அவர்கள் பொறுப்பு, மற்றவர்களுக்குச் செய்த தணிக்கையறிக்கையே போதும் என்று சொன்னார்கள். பிறகு, திட்டங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, உங்கள் அமைப்பை ஓராண்டு நடத்த உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று கேட்டார்கள். பதில் எழுத எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. இத்தனை ஆண்டுகளாக அடுத்தவர்களின் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்ததில், அப்படி ஒரு தாளை நாங்கள் ஒருமுறைகூடத் தயாரித்திருக்கவில்லை.