இலையில் பாதி பச்சை

இட்லிப்பூச் செடிக்கு வைத்தியம் பாதிதான் முடிந்திருக்கிறது. பேச்சுக்குப் பாதி என்று சொல்லவில்லை. ஒரே இலையில் நடுநரம்புக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் மஞ்சள். வேண்டுமென்றே அப்படிச் செய்தேன்.

மயிலாடுதுறையில் நாங்கள் காலை நடை போகும் பூங்காவில், நடைபாதை ஓரமாக இட்லிப்பூ வரிசை ஒன்று உண்டு. கொழுந்து இலையெல்லாம் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். செடிகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் யூரியா வைத்துப் பார்த்துவிட்டார். "தின்னுது டீச்சர், ஆனா ஒட்டல" என்றார்.

யூரியாவில் இது தீராது. யூரியா தருவது தழைச்சத்து. அது குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து அதை உருவித் தளிருக்குக் கொடுத்துவிடும். அதனால் அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். மக்னீசியமும் அப்படியே. இரும்பு அப்படியில்லை; ஓர் இலையில் உட்கார்ந்துவிட்டால் லேசில் இடம் மாறாது. அடியிலை பச்சையாக இருந்து கொழுந்து மட்டும் வெளுத்தால் முதல் சந்தேகம் இரும்பின் மேல்தான்.

அதை உறுதி செய்ய ஒரு பழைய வழி இருக்கிறது. 1840-களில் எசேப் கிரி என்ற பிரெஞ்சுக்காரர், வெளுத்த செடிகளுக்கு இரும்பு உப்பைக் கொடுத்துப் பச்சை திரும்புவதைக் காட்டினார். அதே உப்புதான் நம் அன்னபேதி. உரக்கடையில் பெரஸ் சல்பேட் என்று கேட்டால் தருவார்கள். வெளிர்பச்சைக் கட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும்; துருநிறத்துக்கு மாறியிருந்தால் வேண்டாம். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் போட்டு, கரைசல் பழுப்பாகாமல் இருக்க அரை மூடி எலுமிச்சை பிழிந்தேன். வெயில் தாழ்ந்த பிறகு, பிள்ளைகளின் வாட்டர்கலர் தூரிகையால் இலைகளின் ஒரு பாதியில் மட்டும் தடவினேன்.

அடுத்த வாரமே தெரிந்தது. பச்சை ஒரே சீராகப் பரவவில்லை. முதலில் ஊசி முனை அளவுப் புள்ளிகள். துளி வழிந்து தங்கிய நுனியில் மட்டும் அடர்த்தி. பிறகு புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்தன. தடவாத பாதி அப்படியே மஞ்சளாக நின்றது. பெரியவர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெயிண்ட்டா டீச்சர்?" என்று விரலால் சுரண்டினார்.

அப்படியானால் நம் வண்டல் மண்ணில் இரும்பு இல்லையா? தாராளமாக இருக்கிறது. நெல் வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது மண்ணுக்குள் காற்று போகாது. அப்போது துருவாகக் கிடக்கும் இரும்பு, கரையும் வடிவத்துக்கு மாறும். நாற்றைப் பிடுங்கினால் வேரில் செம்பழுப்பாகப் படிந்திருப்பது அந்த இரும்புதான். நாற்றங்கால் காய்ந்து கிடந்தால் அதே நெல்லும் வெளுக்கும். இட்லிப்பூவின் வேருக்கோ காற்று வேண்டும்; வயல் மாதிரி தண்ணீர் கட்டினால் அழுகிப்போகும். காற்றோட்டமான மண்ணில் இரும்பு கரைய வேண்டுமானால் மண் புளிப்பாக இருக்க வேண்டும். புளிப்பை அளக்கும் எண் பி.எச்.; அது ஏற ஏறப் புளிப்பு குறையும். அந்த எண் ஒரு படி ஏறினாலே, துருவில் இருக்கும் பெரிக் இரும்பின் கரைதிறன் சுமார் ஆயிரம் மடங்கு குறைந்துவிடும்.

பூங்காவுக்குப் பாய்வது போர் தண்ணீர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பும் பைகார்பனேட்டும் ஒவ்வொரு பாய்ச்சலிலும் மண்ணில் சேர்ந்து புளிப்பைக் குறைக்கின்றன. பி.எச். பார்க்கும் காகிதப் பட்டையை நனைத்துப் பார்த்தால் எட்டுக்கு மேல் காட்டியது. போதாததற்கு நடைபாதை சிமெண்ட். அதை ஒட்டிய மண்ணில் வினிகர் ஊற்றினேன். சோடா மாதிரி பொங்கியது; சுண்ணாம்பு இருப்பதன் அடையாளம் அது. நாலடி உள்ளே தள்ளி எடுத்த மண் சும்மா இருந்தது. பாதை ஓரச் செடிகள் மட்டும் ஏன் அதிகம் வெளுத்திருந்தன என்பதற்கு அந்த நுரையே போதும்.

ஊட்டிப் பூங்காக்களில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதும் இதே கதையின் மறுபக்கம்தான். அங்கே மண் புளிப்பு; அலுமினியம் கரைந்து பூவுக்கு ஏறி நீலமாக்குகிறது. சுண்ணாம்பு மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். பேருந்தில் மடியில் வைத்து ஊட்டிச் செடி கொண்டுவருபவர்கள் பூவின் நிறம் மாறியதும் நர்சரிக்காரரைத் திட்டுகிறார்கள், பாவம்.

இலையில் தெளிப்பது கைவைத்தியம்தான். அடுத்த தளிர் மறுபடி வெளுத்தே வரும். அன்னபேதியை இந்த மண்ணில் கொட்டினாலும் சீக்கிரமே துருவாகி உறைந்துவிடும். இரும்பு உறைந்துவிடாமல் பிடித்து வைத்திருக்கும் மருந்துக்குச் செலேட் என்று பெயர்; கடையில் விற்கும் இரும்புச் செலேட்டிலும் வகை பார்க்க வேண்டும். இ.டி.டி.ஏ. வகை, பி.எச். ஆறரையைத் தாண்டினால் இரும்பைக் கைவிட ஆரம்பிக்கும். இ.டி.டி.எச்.ஏ. வகை ஒன்பதிலும் தாங்கும், விலைதான் கண்ணைக் கட்டுகிறது. முழு வரிசைக்கும் அதை வாங்க எங்களுக்குக் கட்டாது.

ஆகவே இப்போது வரிசையில் ஒரு முனையில் மட்டும் கந்தகத் தூளும் மக்கிய இலையும் கொத்திவிட்டிருக்கிறோம். மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் கந்தகத்தை அமிலமாக்க வேண்டும். அதற்கு ஈரமும் மாதக்கணக்கில் பொறுமையும் வேண்டும். ஐப்பசி மழை அந்த ஈரத்தைக் கொடுக்கும், போர் தண்ணீர் பாய்ச்சுவதும் கொஞ்ச நாள் நிற்கும். மறுமுனையைத் தொடவில்லை. தை மாதத் தளிரில் இரண்டு முனையையும் ஒப்பிட்டுப் படத்தோடு எழுதுகிறேன். அதற்குள் யாராவது அங்கே யூரியா வீசாமல் பார்த்துக்கொள்வது பெரியவர் பொறுப்பு.