விடிய ஐந்துக்கு வெளிக்கிட்டால்

யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது "நாளைக்குக் கொழும்புக்குப் போறன்" என்று சொல்லிப் பாருங்கள், "எந்த பஸ்ஸிலை?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். இரவு ஏழரைக்கு ஏறி, ஏசிக் குளிரில் துவாயைப் போர்த்துக்கொண்டு நடுங்கி, விடிய நாலரைக்கு வெள்ளவத்தையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்குவதுதான் எங்களுக்குக் கொழும்புப் பயணம். சொந்தக் கார் வைத்திருக்கிறவர்களும் அதே பழக்கத்தில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் வெளிக்கிடுகிறார்கள். றோட்டில் சனம் இல்லை, வெயில் இல்லை, ஒரு பகல் மிச்சம் என்று காரணங்களும் ரெடியாக இருக்கும். நானும் போன கார்த்திகை வரைக்கும் அப்படித்தான்.

அன்றைக்கு மாங்குளம் தாண்டிப் புளியங்குளம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம், இரவு பதினொரு மணி இருக்கும். எதிரே ஒரு லொறி முழு லைற்றையும் போட்டுக்கொண்டு வந்து கடந்து போனது. அந்த வெளிச்சம் கண்ணை விட்டுப் போக இரண்டு மூன்று செக்கன் ஆகுமே, அதற்குள் எனக்கு முன்னால் தார் றோட்டில் ஒரு துண்டு எழும்பி நின்றது. கறுப்பு மாடு. மழைக்காலம், இரண்டு பக்கக் காடும் சதசதவென்று ஈரம், அந்த மாட்டுக்குப் படுக்கக் காய்ந்த இடம் என்றால் றோட்டுத்தான். பிறேக்கை மிதித்த மிதியில் டாஷ்போர்டில் கிடந்த திருநீற்றுப் பை பறந்து என் மடியில் விழுந்தது. கார் நின்றபோது மாட்டின் வால் பொனற்றில் பட்டுக்கொண்டிருந்தது. அது என்னை ஒருக்கால் திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் நடந்து போய் அடுத்த பக்கத்தில் படுத்தது. பின் சீற்றில் இருந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வவுனியா வரும்வரை அவரது கை மட்டும் என் சீற்றின் மேல்விளிம்பைப் பிடித்தபடி இருந்தது.

இந்தப் பங்குனியில் அம்மாவைத் திரும்பவும் கொழும்புக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தது. கனடாவில் இருக்கும் அக்காவிடம் போவதற்கு விசா, அதற்குக் கைரேகை கொடுக்க வேண்டும், காலை ஒன்பது மணிக்கு நேரம் தந்திருந்தார்கள். முழங்கால் வருத்தத்தோடு அவரால் ஒன்பது மணித்தியாலம் பஸ்ஸில் இருக்க ஏலாது. முதல்நாள் பகலில் காரில் போவோம், அடுத்தநாள் வேலை முடிந்ததும் அன்றைக்கே திரும்பிவிடுவோம், இரண்டும் வெளிச்சத்தில்தான் என்று சொன்னேன். பெரியப்பா கேட்டார், "ஏன் தம்பி, பகலிலை போய் வெயிலுக்கை காயப்போறியள்?" மாட்டுக் கதையை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். கொக்குவிலில் எங்கள் வீட்டு வாசலில் இருந்து கொழும்பு கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். வவுனியா வரை 140, அங்கிருந்து மதவாச்சி வழியாக அநுராதபுரம் 55, பிறகு புத்தளத்துக்கு 75, புத்தளத்தில் இருந்து கரையோரமாகச் சிலாபம், நீர்கொழும்பு என்று கொழும்புக்கு 130. கூகுள் மப் ஏழேகால், ஏழரை மணித்தியாலம் என்று காட்டும். நம்ப வேண்டாம், மப்புக்கு முழங்கால் நோகாது, தேத்தண்ணியும் தேவையில்லை. சாதாரண வீதிகளில் காருக்கு 70தான் எல்லை, ஊர்மனைக்குள் 50. வன்னியில் வெறும் நேர் றோட்டாகக் கிடக்கிறதே என்று அமத்தினால் ஏதோ ஒரு மரத்தடியில் பொலிஸ்காரர் கருவியோடு நிற்பார், அவரோடு கதைத்து முடிக்கப் போகும் நேரத்தில் ஓட்டி மிச்சம் பிடித்தது எல்லாம் சரியாகிவிடும். எழுபதைத் தாண்டாமல், ஊர், சந்தி, ரயில் கடவை, முன்னால் போகும் உழவு இயந்திரம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மணிக்கு 50தான் கையில் வரும். ஆகவே ஓட்டத்துக்கு மட்டும் எட்டு மணித்தியாலம், நிற்கும் இடங்களுக்கு ஒன்றரை, இரண்டு.

போவதற்குத் திட்டம் பெரிதாக ஒன்றும் தேவைப்படவில்லை, விடிய ஐந்துக்கு வெளிக்கிட்டால் எப்படித் தள்ளாடிப் போனாலும் பின்னேரம் மூன்றுக்குக் கொழும்பு. தலையிடி தந்தது திரும்பி வருவதுதான். அதைக் கொழும்பில் இருந்து முன்னுக்கு எண்ணினால் எல்லா நேரமும் சரிபோலத்தான் தெரியும், "பத்து மணித்தியாலம்தானே, எப்படியும் இரவுக்குள் வீடு" என்று மனம் சொல்லும். நான் இருட்டில் இருந்து பின்னுக்கு எண்ணினேன். ஆறரைக்கு முன் பொழுது பட்டுவிடும். மாடு படுக்கும் துண்டு என்றால் எனக்கு ஓமந்தையில் இருந்து முறிகண்டி வரை, அதை முடித்து ஆறு மணிக்குக் கிளிநொச்சியில் நிற்க வேண்டும், அங்காலே கொஞ்சம் இருண்டாலும் பழகின பாதை. அப்படியென்றால் வவுனியாவை நாலரைக்குத் தாண்ட வேண்டும். அநுராதபுரம் மூன்றேகால். புத்தளம் ஒன்றரை. கொழும்பில் கடைசி நேரம் பத்தரை. ஒன்பதுக்குக் கைரேகை என்றால் பத்துக்கு வெளியே வந்துவிடலாம், அரை மணித்தியாலம் கையிருப்பு. பத்தரை பிசகினால் வீட்டுக்கு இல்லை, வவுனியாவில் சித்தி வீட்டில் படுக்கை. இதை அம்மாவிடம் முதல்நாளே சொல்லி ஓம் வாங்கி வைத்தேன், ஏனென்றால் அந்த இடத்தில் போய் நின்றுகொண்டு யோசித்தால் எல்லாருக்கும் வீட்டு ஆசைதான் வரும்.

பாதைக்கும் கொஞ்சம் மண்டையைப் போட்டு உடைத்தேன். நாவற்குழியால் திரும்பிச் சங்குப்பிட்டிப் பாலம் ஏறிப் பூநகரி, மன்னார் என்று போகும் ஏ32 எனக்குப் பிடித்த றோட்டு. 2011இல் அந்தப் பாலம் திறந்த பிறகு மன்னார் எங்களுக்குப் பக்கத்து ஊராகிவிட்டது. ஆனால் மன்னாரில் இருந்து நேரே புத்தளத்துக்கு இறங்குவதற்கு இருப்பது வில்பத்துக் காட்டுக்குள்ளால் போகும் பழைய பாதை, அதை நம்பி அம்மாவை ஏற்ற முடியாது, எப்படியும் மதவாச்சிக்குத்தான் சுற்றி வர வேண்டும். இன்னொன்று அநுராதபுரத்தில் இருந்து பாதெனிய, வாரியப்பொல, குருநாகல் போய் அங்கே அதிவேக வீதியில் ஏறுவது. 2022 தொடக்கத்தில் திறந்தது, நூறில் போகலாம், ஆனால் மீரிகமவில் இறக்கிவிட்டுவிடும், அங்கிருந்து கொழும்பு வரை பழையபடி பஸ்ஸுக்குப் பின்னால் பஸ். புத்தளப் பாதையில் கடைசித் துண்டுக்குக் கட்டுநாயக்க அதிவேக வீதி இருக்கிறது, நீர்கொழும்பு நெரிசலைத் தாண்டிவிட்டால் பேலியகொடை வரை கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான் (ஓட்டுகிறவர் மூடக்கூடாது). அதனால் புத்தளம்.

புத்தளத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அநுராதபுரம் தாண்டி நொச்சியாகம, சாலியவெவ, கருவலகஸ்வெவ என்று போகும் றோட்டு யானை கடக்கிற றோட்டு. மஞ்சள் பலகையில் யானைப் படம் போட்டிருப்பார்கள். பகலில் அநேகமாக ஒன்றும் இருக்காது. பின்னேரம் ஐந்துக்குப் பிறகு அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது, மாடென்றால் பொனற்றோடு போகும்.

காருக்குப் பார்த்தது கொஞ்சம்தான். எண்ணெய், தண்ணீர், வைப்பர், ரயர் காற்று. நாலு ரயரும் சரி. ஸ்பெயர் ரயரை எடுத்து அமத்திப் பார்த்தால் பழைய பலூன். எத்தனை தரம் அதை நம்பி வவுனியாவுக்குப் போய் வந்திருப்பேனோ தெரியாது. கட்டாயம் அதையும் பாருங்கள். பெற்றோல் முதல்நாளே முழுக்க அடித்துவிட்டேன், 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி லீற்றர் கணக்கில் அடித்த பிறகு பாதித் தாங்கியோடு தூரப் பயணம் போக எனக்கு மனம் வராது.

சாப்பாடு அம்மாவின் பொறுப்பு. புட்டும் மிளகாய்ச் சம்பலும் வாழையிலையில் கட்டி, அதற்கு மேல் பேப்பர் சுற்றி, போத்தலில் பிளேன்ரீ. கடைகளில் சாப்பிட முடியாது என்பதால் இல்லை, கடையில் நின்றால் முக்கால் மணித்தியாலம் போய்விடும். அம்மாவோடு போகும்போது நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பது சாப்பாட்டைவிட ஒழுங்கான கழிவறைதான். வயது போனவர்களோடு பயணம் போகிற யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, அவர்களும் கேட்கமாட்டார்கள், காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், பிறகு தலைச்சுற்று என்பார்கள். வவுனியா, புத்தளம், நீர்கொழும்பு என்று மூன்று இடம் முதலே தீர்மானித்து, "அம்மா, வவுனியாவில் நிற்பன், தண்ணியைக் குடியுங்கோ" என்று சொல்லியே ஏற்றினேன்.

போன பயணம் சுகமாகத்தான் போனது. ஆனையிறவில் வெளிச்சம் வந்தது, இரண்டு பக்கமும் கடல்நீர் வெள்ளித் தகடு மாதிரிக் கிடந்தது. இத்தனை வருடம் அந்த இடத்தை நான் பஸ் யன்னல் திரைச்சீலையின் இருட்டாகத்தான் கண்டிருக்கிறேன். முறிகண்டியில் வழமைபோல இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம், அம்மாவுக்குக் கச்சான் இரண்டு சுருள். அறுவடை முடிகிற நேரம், கிளிநொச்சிப் பக்கம் றோட்டின் ஓரத்தில் பாதிக்கு நெல்லைப் பரவிக் காயப் போட்டு, அதன் எல்லைக்குக் கல் அடுக்கியிருந்தார்கள். இருட்டில் அந்தக் கல்லை யார் காண்பார்? பின்னுக்கு ஒரு சிவப்பு லைற்கூட இல்லாத லான்ட்மாஸ்ரர், அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரம், எத்தனை. போர்க்காலத்தில் சோதனைச்சாவடி இருந்த ஓமந்தை வரும்போது அம்மா, "இதிலைதான் எல்லாரையும் இறக்கி நடக்கவிடுறவங்கள்" என்றார். 2006இல் பாதை பூட்டுப்பட முதல் கடைசியாக அதால் போனது அப்பாவோடு. இப்போது அந்த இடத்தை எழுபதில் தாண்டுகிறோம், அடையாளம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் தெரியவே தெரியாது.

மாதம்பையில் றோட்டோரம் பெரிய குதிரைச் சிலையோடு ஒரு கோயில் இருக்கிறது, சிங்களச் சாரதிகள் நிறுத்திக் காசு போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். "அவையின்ரை முறிகண்டி" என்றார் அம்மா, இறங்கி இருபது ரூபா போட்டார். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க வெள்ளவத்தை.

அடுத்தநாள்தான் சோதனை. எட்டே முக்காலுக்கே போய் நின்றோம். உள்ளே போன அம்மா பத்துக்கு வரவில்லை, பத்தரைக்கும் வரவில்லை. ஏதோ கணினி வேலை செய்யவில்லையாம், ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை, வரிசையில் நின்ற எல்லாரையும் அப்படியே இருத்தி வைத்திருந்தார்கள், வயது போனவர்களுக்குக்கூட ஒரு கதிரை மாற்றிப் போடவில்லை. அம்மா வெளியே வந்தபோது பன்னிரண்டே கால்.

கார்க் கதவைத் திறக்க முன்னமே, "நேரை வீட்டை போவம்" என்றார். புத்தளம் மூன்றேகால், அநுராதபுரம் ஐந்து, அதுவரைக்கும் யானைக்கும் பிரச்சினை இல்லை. வவுனியா ஆறே கால். அதற்கு மேல் எண்ணத் தேவையில்லை. "சித்தி வீட்டை" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு நீர்கொழும்பு வரை கதைக்கவில்லை.

வவுனியாச் சந்தியில் கடை லைற்றுகள் போடுகிற நேரம் போய்ச் சேர்ந்தோம். சித்தி இடியப்பம் அவித்து வைத்திருந்தார். அவரின் மகன் நேரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் இரண்டரை மணித்தியாலம்தானே அண்ணை, ஒன்பதுக்கு முதல் கொக்குவிலிலை நிண்டிருப்பியளே" என்றான். நான் வாயைத் திறக்க முதல் அம்மா, "அவன் மாட்டுக்குப் பயம்" என்று சொல்லிவிட்டுச் சொதியை என் பக்கம் தள்ளினார்.

விடிய ஐந்தேமுக்காலுக்கு அங்கிருந்து வெளிக்கிட்டோம். புளியங்குளம் தாண்டிக் கனகராயன்குளத்துக்குக் கிட்ட முன்னால் ஒரு லொறி நின்றது, அதற்கு முன்னால் ஒரு வானும் இரண்டு மோட்டார் சைக்கிளும். இருபது, இருபத்தைந்து மாடுகள், றோட்டின் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரை, அப்போதுதான் ஒவ்வொன்றாக எழும்பி, முதுகை நெளித்து, சோம்பல் முறித்து, இறங்கிக் கொண்டிருந்தன. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. கடைசி மாடு இறங்கி முடிய நாலைந்து நிமிடம் பிடித்திருக்கும். அம்மா முறிகண்டிக் கச்சானில் மிச்சம் இருந்ததை உடைத்து, கோதைத் தன் மடியிலும் பருப்பை என் கையிலும் போட்டுக்கொண்டிருந்தார்.