தாத்தா படத்தைக் கொஞ்சம் கழற்றுங்க

நவம்பர் பிறந்துவிட்டால் திருச்சி பொன்மலைப் பக்கம் ரிட்டயரான பெரியவர்கள் யாரும் "சாப்டாச்சா" என்று கேட்டுக்கொள்வதில்லை. "குடுத்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். உயிரோடு இருக்கிறோம் என்று பென்ஷன்தாரர்கள் வருஷா வருஷம் கொடுக்கும் லைஃப் சர்டிபிகேட்டைத்தான். மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் பென்ஷன் நிற்கும். பிறகு கொடுத்தால் நிலுவையோடு வந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தாலும் முதல் வாரமே பேங்க் வாசலில் கூட்டம்.

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். 2009-இல் ரிட்டயரானார். அப்போதெல்லாம் நேரே பேங்குக்குப் போய் ஆபீசர் முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். அவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார், சீல் விழும். "அந்த ஒரு பார்வையில தெரிஞ்சுடும்ல, ஆள் இருக்கானா இல்லையான்னு" என்பார் அப்பா. 2014-இல் ஜீவன் பிரமாண் என்று ஆதார் வழியாகக் கொடுக்கும் டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட் வந்ததும் பார்வையின் வேலையை ரேகை மெஷின் எடுத்துக்கொண்டது. அப்பாவின் விரல்களோ முப்பது வருஷத்துக்கு மேல் அரமும் கிரீஸும் பார்த்தவை. தடவிப் பார்த்தால் பழைய எட்டணா மாதிரி வழவழவென்று இருக்கும்.

போன நவம்பரில் கூட்டிப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமைசாலி. "கட்டை விரல் வேணாம் சார், ஆள்காட்டி விரல் வைங்க." விழவில்லை. "மோதிர விரல்." அதுவும் இல்லை. வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார் ஒருவர். தேங்காய் எண்ணெய்தான் சரி என்றார் இன்னொருவர். ஒரு அம்மா பையிலிருந்து வாஸ்லைனையே எடுத்துக் கொடுத்துவிட்டார், வருஷா வருஷம் கொண்டு வருவாராம். பத்து விரலும் முடிந்ததும் அப்பா செருப்பைப் பார்த்தபடி, "இனிமே கால் விரல்தாம்மா பாக்கி" என்றார். வரிசையே சிரித்தது.

வண்டியில் திரும்பும்போது பேசவே இல்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதுதான் சொன்னார்: "நானே நேர்ல போய் நிக்கறேன். மெஷின் என்னை இல்லைங்குது."

தபால்காரரை வீட்டுக்கே வரவழைக்கலாம், 70 ரூபாய் கட்டணம். ஆனால் முகத்தைக் காட்டியே போனில் கொடுத்துவிடலாம் என்று தெரிந்ததும் நானே பார்க்கிறேன் என்று இறங்கினேன். இரண்டு ஆப் வேண்டும்: ஜீவன் பிரமாண், ஆதார் ஃபேஸ் ஆர்டி. இதில் ஒரு கூத்து. பென்ஷன்தாரருக்கு முன்னால் ஆபரேட்டர் தன் முகத்தைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். அதாவது அப்பா இருக்கிறார் என்று சொல்வதற்கு முதலில் நான் இருந்தாக வேண்டும். முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு வந்து இருந்தேன்.

அடுத்தது அப்பாவுடைய முறை. ஓடிபி அவருடைய பட்டன் போனுக்கு வரும். அது அடுப்படியில் அரிசி டப்பா மேல் இருந்தது. அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்து முடிப்பதற்குள் அது காலாவதி. செய்பவர்கள் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பிபிஓ நம்பர் (பென்ஷன் ஆர்டரில் இருக்கும் எண்), பேங்க் கணக்கு எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு இரண்டு கேள்விகள். மறுபடி வேலையில் சேர்ந்திருக்கிறாரா? இல்லை. மறுமணம் செய்திருக்கிறாரா? நான் சத்தமாகப் படித்துத் தொலைத்தேன். 76 வயது மனுஷன் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளேயிருந்து அம்மா, "இல்லைன்னு போடு. ஆனாலும் அவரை ஒரு வார்த்தை கேட்டுக்க" என்றாள்.

வெளிச்சமுள்ள இடமாக ஹாலில் நாற்காலியைப் போட்டிருந்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். அப்பாவின் தலைக்கு நேர் மேலே தாத்தா படம், சந்தன மாலையும் பொட்டுமாக. "மாலை போட்ட படத்துக்குக் கீழ உக்காந்துக்கிட்டா உசுரோட இருக்கேன்னு சொல்றது? முதல்ல அதைக் கழட்டுங்க." படத்தைக் கழற்றிக் கட்டிலில் வைத்தேன். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று சதுரமாகத் தெரிந்தது, பழைய பச்சை வர்ணம் அங்கே அப்படியே இருந்தது. ஒரு பல்லி ஓடியது.

போன் கண்ணைச் சிமிட்டச் சொன்னது. அப்பா சிமிட்டவில்லை. ஸ்டுடியோவில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படம் எடுத்த காலத்து ஆள். கேமராவைப் பார்த்தால் மூச்சை அடக்கி விழியை உருட்டிக்கொண்டு சிலையாகிவிடுவார். "சிமிட்டுங்கப்பா" என்றால் இன்னும் அகலமாக விழித்தார். மூன்று முறை தோல்வி. நாலாவது முறை அம்மா பக்கவாட்டில் வந்து நின்று முந்தானையை அவர் முகத்துக்கு நேரே ஒரு உதறு உதறினாள். சிமிட்டினார். முடிந்தது.

சர்டிபிகேட்டின் நம்பரான பிரமாண் ஐடி எஸ்எம்எஸ்ஸாக வந்தது. பேங்குக்குத் தானாகவே போய்விடும், காகிதம் எதுவும் தேவையில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. பிரின்ட் எடுத்துவரச் சொல்லி மூன்று தடவை படித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். எண்பது வயதானவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம் என்று சொன்னதற்கு, "இன்னும் நாலு வருஷம்" என்று விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். அந்த விரல்களைத்தான் மெஷின் வேண்டாம் என்றது.

சாயங்காலம் வாக்கிங் போனவர் என்ன சொன்னாரோ தெரியாது. மறுநாள் காலை எழுந்து வந்தால், திண்ணையில் மூன்று பெரியவர்கள் சலவைச் சட்டையில், கையில் ஆதார் அட்டையோடு. "அந்தச் சுவத்துக்கிட்ட உக்காந்தா உடனே விழுதாமே தம்பி" என்றார் ஒருவர். ஹாலுக்குள் எட்டிப் பார்த்தேன். நாற்காலி போட்டிருந்தது. தாத்தா படம் மறுபடியும் கட்டிலில்.