கடைசித் தெருவின் குழாய்

2023ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், கல்லூரிப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக, ஒரு கிராம ஊராட்சி அலுவலகத்தில் ஆறு வாரம் களப்பயிற்சி பெற்றேன். ஊராட்சிகளுக்கு அரசியல் சட்டத் தகுதி தந்த 73ஆவது திருத்தத்தையும், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவையாகப் பதினொன்றாவது அட்டவணையிலுள்ள 29 பொருள்களையும், 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் தேர்வுக்காகப் படித்திருந்தேன். அந்த 29இல் ஒன்றான குடிநீர் ஓர் ஊருக்குள் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை மட்டும் நேரில் பார்த்ததில்லை.

சேர்ந்த சில நாள்களிலேயே மே 1 கிராம சபை வந்தது. எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகைக்குக் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டியவர்கள், 100 பேர். கையெழுத்துகளை எண்ணும் பொறுப்பு எனக்கு. குடிநீர் வசதியை மேம்படுத்துவது என்ற தீர்மானம் வாசிக்கப்பட்டபோது, பின்வரிசையிலிருந்த ஒரு பாட்டி எழுந்து, "போன வருசமும் இதையேதான் படிச்சீங்க" என்றார். ஆவன செய்வதாகப் பதில் சொல்லப்பட்டது. நானும் அப்படியே பதிவு செய்தேன்.

பிறகு, கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கான விவரங்களைத் தொகுக்கும் வேலை கிடைத்தது. வீடுதோறும் குழாய்க் குடிநீர் தருவதற்கான ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் கிடைக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவையும் அது நாளொன்றுக்கு எத்தனை முறை நிரப்பப்படுகிறது என்பதையும் வைத்து மக்கள்தொகையால் வகுத்தேன். 55க்கு மேலேயே வந்தது. குடிநீரில் பற்றாக்குறை இல்லை என்று எழுதி வைத்தேன். அதைப் படித்துக் காட்டக் கேட்ட டேங்க் ஆபரேட்டர் அண்ணன், "கணக்கு சரிதான் பாப்பா. ஆனா தண்ணி கணக்குப் பார்த்துப் போறதில்ல, பள்ளம் பார்த்துத்தான் போகும். காலைல அஞ்சரைக்கு வா" என்றார்.

அடுத்த ஒரு வாரம் விடியற்காலையில் அவர் வால்வைத் திறக்கும்போது உடன் சென்றேன். தொட்டியடித் தெருவில் ஒரு நிமிடத்துக்குள் நிரம்பிய குடம், கடைசித் தெருவில் ஐந்து நிமிடம் ஆகியும் கழுத்துக்கு எட்டவில்லை. அந்தத் தெரு சற்று மேட்டில் இருக்கிறது. அங்கே குழாய் பிற்பாடு, குறைந்த விட்டத்தில் நீட்டிக்கப்பட்டது. முன்னாலுள்ள தெருக்கள் பிடித்து முடிக்கும்வரை அங்கே அழுத்தமே இருப்பதில்லை. அது ஆதிதிராவிடர் குடியிருப்பு என்பதையும் எழுதியாக வேண்டும், ஏனெனில் குழாய் எந்தத் தெருவுக்குக் கடைசியாகப் போனது என்பது தற்செயலாக நடந்ததன்று. கிராம சபையில் எழுந்து பேசிய பாட்டியை அங்கேதான் மறுபடி பார்த்தேன். நான் சராசரி எடுத்து எழுதிய அந்த ஒற்றை வரி, அவர் வீட்டுக் காலி அண்டாவைக் கணக்கிலிருந்தே அழித்திருந்தது. அதை நினைக்க இன்றும் மனம் கூசுகிறது.

தெருவாரியாக, நேரவாரியாக ஒரு புதிய அட்டவணை தயாரித்து ஊராட்சி செயலரிடம் கொடுத்தேன். பல ஆண்டு அனுபவமுள்ள அவர் அதை நிதானமாகப் படித்துவிட்டுச் சொன்னதுதான் அந்த ஆறு வாரத்தில் நான் பெற்ற மிகப் பெரிய பாடம். வசதியை மேம்படுத்துவது என்று பொதுவாக எழுதினால் ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொறியாளரால் மதிப்பீடு தயாரிக்க முடியாது. எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை, எத்தனை மீட்டர், என்ன விட்டம், எத்தனை வீடு என்று தீர்மானத்திலேயே இருந்தால்தான் கோப்பு நகரும் என்றார். ஊராட்சிகளுக்கு மத்திய அரசு தரும் பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டிருப்பதால், கேட்கத் தெரிந்தால் வழி உண்டு என்பதையும் அவரே விளக்கினார். அன்று மாலை இருவரும் டேப்பைப் பிடித்துக்கொண்டு தெருவை அளந்தோம்.

செலவில்லாத ஒரு மாற்றம் தீர்மானம் வருவதற்கு முன்பே நடந்தது. ஆபரேட்டர் அண்ணன், தலைவரிடம் கேட்டுக்கொண்டு, மற்ற வால்வுகளை மூடிவைத்துவிட்டுக் கடைசித் தெருவுக்கு முதலில் திறக்கத் தொடங்கினார். முன்தெருக்காரர்கள் இரண்டு நாள் சண்டைக்கு வந்தார்கள். அவர்களிடம் அவர் என் அட்டவணையைத்தான் காட்டினாராம்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு நானாகவே போயிருந்தேன். இம்முறை தீர்மானத்தில் தெருவின் பெயரும் மீட்டர் கணக்கும் தனி வால்வும் இருந்தன. பாட்டி அதை இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்திட்டார்.