மூணு தடவை குரூப் 4 எழுதினேன், ஆனா எனக்காக எழுதினது ஒரே தடவைதான்

டிஎன்பிஎஸ்சி நடத்தற குரூப் 4 அரசு வேலை எக்ஸாம்ல பாஸ் பண்ணதுல இருந்து நிறைய பேர் எந்த புக் படிச்சீங்க, எத்தனை மணி நேரம் படிச்சீங்கன்னு கேக்கறாங்க, அதெல்லாம் சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி நான் எப்படி ரெண்டு தடவை கோட்டை விட்டேன்னு சொன்னாதான் மீதி புரியும்.

எங்க ஊரு ஒட்டன்சத்திரம் பக்கம். அப்பா காய்கறி மார்க்கெட்ல ஒரு கமிஷன் மண்டில கணக்கு எழுதறவர். நான் டிகிரி முடிச்ச உடனே அவர் சொன்னது ஒண்ணுதான், விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) ஆயிடு பாப்பா, ஊரே எந்திரிச்சு நிக்கும். 2018 பிப்ரவரி 11 நடந்த குரூப் 4லதான் முதல் தடவையா விஏஓ போஸ்டையும் சேர்த்தாங்க, அதுக்கு முன்னாடி அது தனி எக்ஸாம். அப்பாவுக்கு அது கடவுளே வழி விட்ட மாதிரி. பாஸ் பண்ணா ஸ்கூட்டி வாங்கித் தரேன்னு வேற சொல்லிட்டார்.

நான் என்ன பண்ணேன்னா டைம்டேபிள் போட்டேன். அஞ்சு கலர் ஸ்கெட்ச் பேனா, காலைல 5 மணிக்கு தமிழ், 7 மணிக்கு பாலிட்டி, அதாவது அரசியலமைப்பு, பாக்க அவ்ளோ அழகா இருக்கும். நாலு நாள் ஓடும், அஞ்சாவது நாள் தூங்கிடுவேன், உடனே புது டைம்டேபிள். அந்த வருஷம் நான் படிச்சதை விட கோடு போட்டது அதிகம். 200 கேள்வில 112 சரி. 2019 செப்டம்பர் 1 அடுத்த எக்ஸாம், அதுக்கு கோச்சிங் சேர்த்து விட்டாங்க, அப்போ ஸ்கூல் புக் வேற மாறிட்டு இருந்த நேரம், பழைய சமச்சீர் படிக்கறதா புதுசு படிக்கறதான்னு ஒரே குழப்பம், ரெண்டையும் வாங்கி அடுக்கி வெச்சு ரெண்டையும் முழுசா படிக்கல. 131. கஷ்டமான எக்ஸாம்னு வெளிய சொல்லிக்கிட்டேன், ஆனா உண்மை என்னன்னா படிக்க உக்காந்தாலே மனசுக்குள்ள ஸ்கூட்டியும் அப்பா முகமும்தான் வரும், பாடம் வராது.

அப்புறம் ஒரு நாள் என் சித்தி பொண்ணோட பி.எட் நோட்ஸ்ல ஒரு விஷயம் பார்த்தேன். எட்வர்ட் டெசின்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட், 1971ல வந்த ஆராய்ச்சி. காலேஜ் பசங்ககிட்ட கட்டைகளை சேர்த்து உருவம் அமைக்கிற ஒரு புதிரை குடுத்தாராம். ஒரு குரூப்புக்கு நடுவுல ஒரு நாள் மட்டும் புதிருக்கு ஒரு டாலர் காசு. அடுத்த நாள் காசு இல்லன்னு சொன்னதும், ஓய்வு நேரத்துல அதை தொட்டு பாக்கற ஆர்வமே அவங்களுக்கு குறைஞ்சு போச்சு. காசே வாங்காதவங்க பாட்டுக்கு விளையாடிட்டு இருந்தாங்க. படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துச்சு, அட நம்ம ஸ்கூட்டி கதைடா இது.

2020, 2021 கொரோனால குரூப் 4ஏ நடக்கல. அந்த ரெண்டு வருஷம் வீட்ல உக்காந்து படிக்கறேன்னு பேர் பண்ணிட்டு இருந்தது என் வாழ்க்கையிலயே மோசமான காலம், யாராவது போன் பண்ணா எடுக்க மாட்டேன், என்ன பண்றேன்னு கேட்டுடுவாங்களோன்னு. 2021 ஜூன்ல ஒரு ராத்திரி சாப்பிடும்போது அப்பா தட்டை பாத்துக்கிட்டே சொன்னார், "புடிக்கலன்னா விட்டுரு பாப்பா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அவ்ளோதான். எனக்கு அழுகை வந்துச்சு, சந்தோஷமா துக்கமான்னே தெரியல.

விட்டுட்டேன். பழனில ஒரு ஜவுளிக்கடைல வேலைக்கு சேர்ந்தேன், முதல்ல சேல்ஸ், ரெண்டாவது மாசம் ஸ்டாக் நோட்டு என் கைக்கு வந்துச்சு. எந்த பண்டல்ல எத்தனை பீஸ், எது ரிட்டர்ன், எதுக்கு எவ்ளோ தள்ளுபடின்னு எழுதணும். ஒரு நாள் 3 நைட்டி கணக்குல இடிக்குது, எல்லாரும் கிளம்பிட்டாங்க, நான் ராத்திரி 9 மணி வரைக்கும் பழைய பில்லை புரட்டி கண்டுபுடிச்சேன், ஒரு ரிட்டர்ன் பில்லை ரெண்டு தடவை ஏத்தியிருந்தாங்க. பஸ்ல வரும்போது பசி கூட தெரியல. எனக்கு பேப்பர், ரெஜிஸ்டர், டேலி ஆகறது இதெல்லாம் புடிக்கும்ங்கறதே அன்னைக்குதான் தெரியும். இருபத்தஞ்சு வயசு வரைக்கும் உனக்கு என்ன புடிக்கும்னு யாரும் கேக்கல, நானும் என்னை கேட்டுக்கல.

பொங்கலுக்கு அப்புறம் நானே போய் ஓனர் அண்ணாகிட்ட, மறுபடி எக்ஸாமுக்கு படிக்கணும்னு அரை நாள் வேலை கேட்டேன். வீட்ல சொல்லல. ஜூனியர் அசிஸ்டெண்ட், இதான் என் டார்கெட், விஏஓ இல்ல. 2022 மார்ச் கடைசில நோட்டிபிகேஷன் வந்துச்சு, ஜூலை 24 எக்ஸாம்.

இப்போ படிச்ச விதம். டைம்டேபிள் போடவே இல்ல. இந்த தடவை தமிழ் கட்டாயம், 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கு, மொத்தம் 300 மார்க், தமிழ்ல 150க்கு 60 எடுக்கலன்னா அடுத்த பகுதியை திருத்தவே மாட்டாங்க. அதனால 6ல இருந்து 10 வரைக்கும் தமிழ் புக், வரி விடாம, நூல் வெளி, சொல்லும் பொருளும்னு வர்ற பகுதி எல்லாம் சேர்த்து மூணு சுத்து. கைடு வாங்காதீங்க, புக்ல இருக்கற பெட்டிச்செய்தில இருந்து கூட எங்களுக்கு கேட்டாங்க. கணக்கு எனக்கு கடையே சொல்லிக் குடுத்துடுச்சு, 1,250 ரூபா சேலைக்கு 12 சதவீதம் தள்ளுபடின்னா வாய்ல வந்துடும், லாப நட்டம், தனிவட்டி கூட்டுவட்டி, மீப்பெரு பொது வகுத்தி எல்லாம் பஸ்லயே போட்டேன். பொது அறிவுல எகனாமிக்ஸ் எனக்கு சுத்தமா ஏறல, அதை பாதியோட விட்டேன், அதுக்கு வருத்தமும் படல.

ஒரே ஒரு நோட்டு வெச்சேன், ஸ்டாக் நோட்டு மாதிரியே. தேதி, எந்த தப்பு, எதனால தப்பு. "அவசரம்", "தெரியாது", "குழப்பிட்டேன்" இந்த மூணுல ஒண்ணு எழுதணும். ஏப்ரல்ல பாத்தா பாதிக்கு மேல "அவசரம்". அதாவது படிக்காததால போகல, கேள்வியை முழுசா வாசிக்காததால போகுது. இந்த நோட்டு ஒண்ணு போதும், நான் சத்தியமா சொல்றேன். எக்ஸாம்ல தெரியாத கேள்விக்கு 'விடை தெரியவில்லை'ங்கற ஈ (E) ஆப்ஷனை மறக்காம கருப்பாக்குங்க, காலியா விடக்கூடாது, ஆனா நெகட்டிவ் மார்க் கிடையாதுங்கறதால ரெண்டுல ஒண்ணுன்னு சந்தேகம் இருந்தா துணிஞ்சு அடிங்க. எங்க எக்ஸாம்ல கடைசில ஏ எத்தனை, பி எத்தனைன்னு எண்ணி போட வேண்டியிருந்துச்சு, அப்படி இருந்தா அதுல பதறாதீங்க.

18 லட்சத்துக்கு மேல எழுதின எக்ஸாம். 174 சரி. ரிசல்ட் 2023 மார்ச்லதான் வந்துச்சு, அந்த எட்டு மாசமும் நான் கடைக்கு போய்ட்டுதான் இருந்தேன், நல்லாதான் இருந்தேன்.

கவுன்சிலிங்குக்கு அப்பாவும் சென்னைக்கு வந்தார். என் ரேங்க்குக்கு விஏஓ கிடைக்கும். ரெண்டுக்கும் ஒரே சம்பள நிலைதான், லெவல் 8, 19,500ல ஆரம்பம். உள்ள போகும்போது அவர் எதுவும் சொல்லல, சட்டை காலரை மட்டும் சரி பண்ணிட்டே இருந்தார். நான் உள்ள போய் ஜூனியர் அசிஸ்டெண்ட் எடுத்துட்டு வந்தேன். திரும்பற ட்ரெயின்ல விழுப்புரம் வரைக்கும் பேச்சே இல்ல. அப்புறம் ஒரு டீ வாங்கி என் கைல குடுத்துட்டு, "மேஜை, ஃபேன் எல்லாம் இருக்கும்ல?" அப்படின்னார்.

என்னை மாதிரி விட்டுப் பாருங்கன்னு எல்லாருக்கும் சொல்ல முடியாது, சில வீட்ல விடற அளவுக்கு வசதியே இருக்காது, வயசு வேற ஓடும். ஆனா என்கூட கோச்சிங் படிச்ச பொண்ணு ஒருத்தி 2019லயே விட்டுட்டு ஜாக்கெட்ல போடற ஆரி எம்ப்ராய்டரி ஒர்க் கத்துக்கிட்டா, இப்போ முகூர்த்த மாசத்துல அவளுக்கு போன் பேச நேரம் கிடையாது, என்னை விட அவ முகம்தான் தெளிவா இருக்கு. இன்னொருத்தர் எட்டாவது வருஷமா எழுதறார், ஏன்ணான்னு கேட்டா, இத்தனை வருஷம் போட்டாச்சேம்மாங்கறார். அவரை பாத்தாதான் எனக்கு பயமா இருக்கு.

ஸ்கூட்டி, அது என் நாலாவது மாச சம்பளத்துல செகண்ட் ஹேண்ட்ல நானே வாங்கினேன். அப்பா காய்கறி பையோட பின்னாடி உக்காந்துப்பார். மண்டில எல்லார்கிட்டயும் அவர்தான் வாங்கிக் குடுத்ததா சொல்லி வெச்சிருக்கார், நானும் திருத்தல.