ஆஹிரியில் முடிந்த வேண்டுதல்

ஆஹிரி ராகம் பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். பாட்டு கற்றுக்கொண்ட வீடுகளில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். அம்மா இதை முழுசாக நம்புகிறவள். திருவாரூர்க் கமலாம்பாள்மேல் முத்துஸ்வாமி தீட்சிதர் பாடிய கமலாம்பா நவாவரணத்தில் ஒன்பதாவது கீர்த்தனை ஆஹிரியில் இருக்கிறதே, அதை மட்டும் ராத்திரிச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்த பிறகுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, தொடையில் தாளம் போடுவாள். இன்றைக்கும் ஆஹிரி காதில் விழுந்தால் எனக்கு சபீனா வாசனைதான் முதலில் வரும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்குத் தைராய்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சில மாதங்களில் திரும்பலாம், சிலருக்கு முழுசாகத் திரும்புவதில்லை என்றார்கள். நாற்பது வருடம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டு சொல்லிக்கொடுத்தவள், தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடத் தாளில் எழுதிக் காட்டினாள். பார்க்க முடியவில்லை. ஒருநாள் நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதி என்னிடம் நீட்டினாள்: "குரல் வந்தால் ஆரூர் போய் அம்பாள் முன்னால் ஒன்பதும் பாடறேன்." அந்தத் தாளும், மஞ்சள் துணியில் முடிந்த காசும் சாமி படத்துக்குக் கீழே போயின.

எட்டாவது மாதம் ஒரு காலையில் குளியலறைக்குள்ளிருந்து ஆனந்தபைரவி கேட்டது. கரகரவென்று, பாதிக் காற்றும் பாதி நாதமுமாக, "மரிவேரே கதி எவரம்மா". உன்னைத் தவிர வேறு கதி யாரம்மா என்று சாமா சாஸ்திரிகள் கேட்ட பாட்டு. நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இருந்தாலும் ஆரூர் கிளம்ப இன்னும் இரண்டு வருடம் ஆகிவிட்டது. குரல் கொஞ்சம் படியட்டும் என்று அம்மாதான் தள்ளிப்போட்டாள். படிந்தது அவ்வளவுதான், மேல் ஸ்தாயி எட்டவே இல்லை. "இதுக்கு மேல காத்திருந்தா அம்பாள் கோவிச்சுக்குவா" என்று போன தை மாதம் அவளே நாள் குறித்தாள்.

முதலில் தஞ்சாவூர் மேல வீதி, பங்காரு காமாட்சி கோயில். குரல் திரும்பி வந்தது சாஸ்திரிகள் பாட்டில் அல்லவா, அவர் வாழ்நாள் முழுக்கப் பூஜை செய்த அம்பாளைப் பார்க்காமல் தாண்டிப் போக முடியுமா? தங்கத் திருமேனி, ஆனால் புனுகு சாத்திச் சாத்தி முகம் கறுத்திருக்கும். விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கறுப்பில் கண்கள் மட்டும் மின்னுகின்றன. சாஸ்திரிகளைப் புதிதாகக் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் விருப்பத்தைச் சொல்கிறேன்: ஸ்வரமும் சொல்லுமாக அவர் கட்டிய அந்த மூன்று ஸ்வரஜதிகள். தோடியில் "ராவே ஹிமகிரிகுமாரி", யதுகுலகாம்போஜியில் "காமாக்ஷி நீ பதயுகமே", பைரவியில் "காமாக்ஷி அனுதினமு". பைரவி ஸ்வரஜதியின் சரணங்கள் ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரம் மேலே மேலே ஏறித் தொடங்கும். சன்னிதிப் படியில் ஏறி ஏறிப் போய் அம்மாவின் மடியில் விழுகிற மாதிரி இருக்கும். அன்றைக்குக் கூட்டம் இல்லை. அம்மா உதட்டுக்குள்ளேயே பாடிக்கொண்டாள்.

அங்கிருந்து திருவையாறு. தியாகராஜ ஸ்வாமிகள் சமாதியில் ஆராதனை முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பந்தல் மூங்கில்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாக உட்கார்ந்து அவருடைய ஐந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடிய இடத்தில் நாங்கள் இரண்டு பேர், ஒரு நாய், கயிறு சுருட்டும் நான்கைந்து ஆட்கள். அம்மாவுக்கு ஐந்தில் மிகவும் பிடித்தது வராளியில் உள்ள "கனகனருசிரா". ஜகதானந்தகாரகாவும் எந்தரோவும் எல்லோர் காதிலும் விழுந்துவிடுகின்றன, இது அவ்வளவு விழுவதில்லை; அவசியம் கேளுங்கள். வராளியை நேருக்கு நேர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யைக்கும் ஆகாமல் போய்விடும் என்று அதையும் அம்மா எனக்கு நேராகச் சொல்லித்தரவில்லை. அடுத்த அறையில் இருந்து அவள் பாடுவாள், நான் கேட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படி வந்த பாட்டை ஸ்வாமிகள் முன்னால் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து பாடினோம்.

பாடி முடித்து அம்மா எழுந்து போய் நின்ற இடம் நாகரத்னம்மாள் சிலை. சமாதியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார். கவனிப்பாரற்றுக் கிடந்த சமாதிக்குத் தன் சொத்தையெல்லாம் போட்டுக் கோயில் எழுப்பி, 1925ல் கும்பாபிஷேகம் செய்தவர் அவர். அவர் கட்டிய இடத்தில் பெண்கள் உட்கார்ந்து பாடக் கூடாது என்றிருந்த காலத்தில், விடாமல் போராடி வழி திறந்துவிட்டவரும் அவரே. 1952ல் காலமானார். "இந்த அம்மா இல்லேன்னா நீயும் நானும் இங்க பாடியிருக்க முடியுமா?" என்று சொல்லி, தலையில் வைத்திருந்த பூவை எடுத்து அந்தக் காலடியில் வைத்தாள்.

காவேரியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. படியில் உட்கார்ந்து அசாவேரியில் "ஸாரி வெடலின" கொஞ்சம் பாடினோம். ஓரிடத்தில் பயங்கரமாக முழங்கி, ஓரிடத்தில் நிறைந்த கருணையோடு நடந்து வருகிறாள் காவேரி என்று ஸ்வாமிகள் பார்த்துப் பார்த்து எழுதியது. கேட்பதானால் அந்தப் படித்துறையில் கேட்க வேண்டும்.

வழியில் இன்னொரு கோயிலுக்கும் போனோம். பெயர் வேண்டாம். வண்டி நின்றதும் நான்கு பேர் சூழ்ந்துகொண்டார்கள். தோஷம், பரிகாரம், வரிசையில் நிற்காமல் தரிசனம், நெய் விளக்குக் கட்டு. வேண்டாம் என்று சொன்னதற்கு ஒருவர் அம்மாவின் கழுத்துத் தழும்பைக் காட்டி, "இதுக்குத்தான் இங்க பரிகாரம் பண்ணணும், இல்லேன்னா திரும்ப வரும்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. பக்தியோடு வருகிறவர்களின் பயத்தைப் பிடித்துத் திருகிக் காசு பார்ப்பவர்களை என்ன சொல்வது? அம்மா முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டாள். ஆரூர் போய்ச் சேரும்வரை அந்த முந்தானையை எடுக்கவில்லை.

திருவாரூர். சாமா சாஸ்திரிகள், தியாகராஜ ஸ்வாமிகள், முத்துஸ்வாமி தீட்சிதர் மூன்று பேரும் பதினைந்து வருடத்துக்குள் இந்த ஒரே ஊரில் பிறந்திருக்கிறார்கள். இதை நினைத்தாலே ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கக் கூச்சமாக இருக்கிறது. "திருவாரூர்ப் பிறந்தார்கள் எல்லார்க்கும் அடியேன்" என்று சுந்தரர் எப்போதோ பாடி வைத்துவிட்டார்.

நாங்கள் போனது தை வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து இருவரும் ஒன்றும் சாப்பிடவில்லை, பாடிவிட்டுத்தான் சாப்பாடு என்பது அம்மாவின் தீர்மானம். "ஆஹிரி இருக்கேம்மா, சாப்பிட்டுட்டே பாடலாமே" என்றேன். "அவ வாசல்ல நின்னுக்கிட்டு சோத்தைப் பத்தி என்ன பயம்?" என்றாள். நாற்பது வருட நம்பிக்கையை அம்மா அப்படி ஒதுக்கி வைத்து நான் பார்த்ததே இல்லை.

கமலாம்பாள் சன்னிதியில் அப்படி ஒரு கூட்டம். கைக்குழந்தைகள், மாலைக் கூடைகள், தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்த போன்கள். ஒருவர் முதுகுப்பை அம்மாவின் தோளில் இடித்துக்கொண்டே இருந்தது. கால்மேல் கால் போட்டு யோகத்தில் அமர்ந்திருக்கும் அம்பாளை ஒரு நிமிடம் கண்ணாரப் பார்த்தோம், அவ்வளவுதான், பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். முன்மண்டபத்தில் ஒரு தூண் ஓரமாக இடம் பிடித்து உட்கார்ந்தோம். சுருதிப் பெட்டிக்குப் பதில் போனில் தம்புராவை வைத்து, அம்மா காதருகே பிடித்துக்கொண்டேன்.

தோடி தியான கீர்த்தனை. அப்புறம் ஆனந்தபைரவி, கல்யாணி, சங்கராபரணம், காம்போஜி, பைரவி. முழுசாகப் பாட அம்மாவுக்குத் தெம்பு இல்லை. பல்லவி, அனுபல்லவி மட்டும். தீட்சிதர் இந்த வரிசையை வேற்றுமை உருபுகளால் கட்டியிருக்கிறார். கமலாம்பா காப்பாற்றட்டும், கமலாம்பாவைப் பஜி, கமலாம்பிகையால் கடாட்சிக்கப்பட்டேன் என்று ஒவ்வொன்றாகப் போகும். இலக்கணப் புத்தகத்தில் பார்த்தால் வறட்டு வாய்ப்பாடு. அங்கே உட்கார்ந்து பாடும்போது, ஒரு குழந்தை அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் தொட்டுப் பார்க்கிறது போல இருந்தது. ஆறாவது புன்னாகவராளி. பாம்பு வரும் என்று ராத்திரியில் பாட விடமாட்டார்கள். மூலவரே புற்றில் குடியிருக்கும் ஊர் இது, இங்கே அதற்கு என்ன பயம்! ஸஹானா, கண்டா. கண்டாவில் "ஸ்ரீ கமலாம்பிகே" என்று நேராகவே கூப்பிட்டுவிடுகிறார், எட்டாம் வேற்றுமை.

ஆஹிரி எடுத்த நேரம் பார்த்து உள்ளே மணி அடித்தது. தீபாராதனை. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து முன்னால் பாய்ந்தார்கள். அம்பாள் மறைந்துபோனாள். எங்களுக்கு எதிரே வெறும் முதுகுகள், மேலே கூரைக் கல்லில் ஆடிய தீப வெளிச்சம் மட்டும். எனக்கு ஆத்திரமாக வந்தது. இதற்காகவா மூன்று வருடம்? அம்மா நிறுத்தவில்லை. "ஸ்ரீ கமலாம்பா ஜயதி." மேலே போகிற இடத்தில் குரல் பிசிறி உடைந்தது. நான் வழக்கம்போல அந்த இடத்தை எடுத்துக்கொள்ளப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். வேண்டாம். கீழ் ஸ்தாயிக்கு இறங்கி, அதே வரியைத் தானே மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக வைத்துப் பாடினாள்.

இவ்வளவு நாள் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஸ்ரீசக்கரத்தின் சுற்றுகளான ஆவரணங்களில் எட்டைத் தாண்டி, எல்லாம் கைகூடிவிட்ட இடத்தில், வெற்றி வெற்றி என்று சொல்லும் பாட்டுக்கு ஏன் தீட்சிதர் அழுகிற ராகத்தை எடுத்தார்? கேதாரமோ பிலஹரியோ எடுத்திருக்கலாமே? அம்மாவின் பிடி என் மணிக்கட்டில் இறுகியிருக்க, மணிச்சத்தத்துக்கு நடுவில் அந்த உடைந்த குரல் "ஜயதி" என்று சொன்னபோது அந்தச் சந்தேகம் போய்விட்டது. தாயே, உன் கருணைக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்! நீ கொடுத்த குரலை உனக்கு முன்னால் கேட்க வைத்தாயே, போதும்.

கூட்டம் கலைந்ததும் முன்னால் போனோம். முடிந்து வைத்திருந்த காசோடு அந்த நாள்காட்டித் தாளையும் அம்மா உண்டியலில் போட்டாள். "தீபாராதனையைப் பார்க்கவே விடலையே அம்மா" என்று நான் புலம்பினேன். "நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு பாடியவள்.

வெளியே வரும்போது உச்சி வெயில். போன இரண்டு ஓட்டலிலும் சாப்பாடு முடிந்துவிட்டது என்றார்கள். கமலாலயக் குளக்கரையில் நிழல் பார்த்து உட்கார்ந்து, அர்ச்சனைத் தட்டில் இருந்த இரண்டு வாழைப்பழத்தையும் தேங்காய் மூடியையும் தின்றோம். "பார்த்தியா, ஆஹிரி!" என்று அம்மா சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் சாப்பிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

சாயரட்சைக்கு ஆரூர்ச் சிவன் தியாகேசர். திருமுகம் மட்டும்தான், பாதம் பார்க்க ஆதிரைக்கும் பங்குனி உத்திரத்துக்கும் வர வேண்டும். அங்கே "த்யாகராஜ யோக வைபவம்". பசுவின் வால் போலச் சொல் தேய்ந்துகொண்டே போகும்: த்யாகராஜ யோக வைபவம், அகராஜ யோக வைபவம், ராஜயோக வைபவம், யோக வைபவம், வைபவம், பவம், வம். தீட்சிதர் கீர்த்தனைகளில் ஒன்றே ஒன்று கேட்கிறேன் என்பவருக்கு இதைத்தான் சொல்வேன், இதுவும் ஆனந்தபைரவிதான். தமிழில் வேண்டுமானால் இதே தியாகேசர்மேல் பாபநாசம் சிவன் குந்தலவராளியில் பாடிய "உன்னைத் துதிக்க அருள் தா". எவ்வளவு எளிமை, எவ்வளவு ஏக்கம்!

ஊர் திரும்பும்போது அம்மா வண்டியில் தூங்கிவிட்டாள். கழுத்தில் முந்தானை இல்லை. மறுநாள் ராத்திரி பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்தாள்.

"சாப்பிட்டாச்சு இல்ல? வா, உட்கார். ஆஹிரி சரணத்துல ஒரு இடம் நீ தப்பாப் பாடறே."