கார்த் வரிசையில் நின்ற பழைய சிப்பாய்

பிரான்சுக்கு வந்த முதல் ஆண்டுகளில், முதலாம் உலகப்போர் முடிந்த நாளான நவம்பர் 11 என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பள்ளிக்கூடம் இல்லை, கந்தோர் இல்லை, றெஸ்ரோறன்ற்றில் மட்டும் இரட்டிப்புச் சனம். காலையில் மாநகரசபைக்கு முன்னால் கொடியும் பாண்ட் வாத்தியமும் பதக்கம் குத்திய முதியவர்களும் நிற்பார்கள். நான் மெற்றோவைப் பிடிக்கிற அவசரத்தில் அவர்களைக் கடந்து ஓடுவேன். இந்த நாட்டில் எந்தச் சின்னக் கிராமத்துக்குப் போனாலும் போரில் இறந்தவர்களுக்கென்று ஒரு கல் நட்டிருப்பார்கள். அதில் ஒரே குடும்பப் பெயர் மூன்று நான்கு தரம் வரும். அண்ணனும் தம்பியும் பெரியப்பா மகனும் என்று விளங்கிக்கொள்ளலாம். இறந்தவர்களை நவம்பரில் நினைக்கிற வழக்கம் எங்களுக்கும் இருப்பதால் அந்தக் கற்களுக்கு முன்னால் நின்று வாசிக்காமல் என்னால் போக முடிவதில்லை.

அந்தக் கற்களில் இல்லாத ஆட்களைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவன் குசினியில் என்னோடு கோப்பை கழுவிய மாலிக்காரன். பாரிஸில் தமிழன் நிற்காத குசினி குறைவு. தமிழன் நிற்கிற குசினியில் மாலிக்காரனோ செனகல்காரனோ நிற்காமலும் இருப்பதில்லை. அவன் கேய்ஸ் பக்கத்துக் கிராமத்தான். நிலவறையில் மெஷின் ஆவி முகத்தில் அடிக்க, தட்டுகளை அடுக்கியபடி ஒருநாள் சொன்னான்: "எங்கட அப்பாவின்ர அப்பா எங்களுக்கு முதலே இஞ்ச வந்தவர். அவரிட்ட ஒருத்தரும் விசா கேட்கேல்லை. டிக்கெற்றும் அரசாங்கமே போட்டது." பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அவனுடைய பாட்டனார் ஒரு 'திராயேர் செனகலே'. பிரெஞ்சுக்காரர் ஆபிரிக்க ஆட்களைச் சேர்த்து 1857இல் செனகலில் தொடங்கிய காலாட்படை அது. பெயரில்தான் செனகல், ஆட்கள் இன்றைய மாலி, கினி, புர்கினா பாசோ, ஐவரி கோஸ்ட், பெனின், நைஜர், சாட் எல்லா இடங்களிலிருந்தும் வந்தவர்கள். முதலாம் உலகப்போருக்கென்று ஏறத்தாழ 2,00,000 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் 1,30,000க்கு மேற்பட்டோர் ஐரோப்பியக் களங்களுக்கு வந்தார்கள், சுமார் 30,000 பேர் திரும்பவில்லை. எல்லோரும் விரும்பி வந்தவர்கள் என்று நினைக்கவேண்டாம். ஊர்த் தலைவர்களுக்கு ஆள் கணக்குச் சொல்லி அனுப்பினார்கள். 1915–16இல் மேற்கு ஆபிரிக்காவின் வோல்டா பக்கத்தில் ஆள்பிடிப்பை எதிர்த்துக் கிராமம் கிராமமாகச் சனம் எழும்பியது. பிள்ளைபிடிப்பைக் கண்ட நாட்டிலிருந்து வந்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

குளிரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. என்னுடைய முதல் டிசம்பரில், இரண்டு சோடி காலுறையோடு பஸ்ஸுக்கு நின்று அழுதிருக்கிறேன். 1917 ஏப்ரல் 16இல் வடக்கு பிரான்சின் ஷெமான் தே டாம் மேட்டில் தாக்குதல் தொடங்கியபோது பனி கொட்டியது. துவக்கைப் பிடிக்க முடியாமல் விரல் விறைத்த ஆட்களைத்தான் முன்வரிசையில் ஏறவிட்டார்கள். குளிர்காலத்தில் அவர்களைத் தெற்கே பிரெஜூஸ் போன்ற இடங்களில் முகாமிட்டு வைத்திருக்கும் வழக்கம் இருந்தது. அப்படியென்றால் குளிர் அவர்களுக்கு ஆகாது என்பது தளபதிகளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இந்த ஆட்கள் பிரெஞ்சு வீடுகளுக்குள் வந்ததெல்லாம் கொக்கோ மாவுப் பெட்டியில்தான். 1915இலிருந்து பனானியா விளம்பரத்தில் சிவப்புத் தொப்பியோடு பல்லைக் காட்டிச் சிரித்த கறுப்புச் சிப்பாய் அவர்களில் ஒருவன்தான். சுப்பர்மார்க்கெற் தட்டில் அந்த மஞ்சள் பெட்டியை எத்தனையோ தரம் தள்ளிவிட்டு வேறு சாமான் எடுத்திருக்கிறேன்.

லியோனில் என் மச்சாள் குடும்பம் இருக்கிறது. ஒரு கோடை லீவில் அங்கே போனபோது, மாலிக்காரன் சொல்லியிருந்த ஷஸ்லே என்ற கிராமத்துக்கு மச்சானை இழுத்துக்கொண்டு போனேன். லியோனிலிருந்து வடக்கே, காரில் அதிக தூரமில்லை. வயல்களுக்கு நடுவில் திடீரென்று செம்மண் நிறச் சுவர். சுவர் மூலைகளில் கூம்புக் கோபுரங்கள், அவற்றிலிருந்து கட்டைகள் குத்தி நிற்கின்றன. மாலிப் பக்கத்து மண் பள்ளிவாசல்களைப் படத்தில் பார்த்தவர்களுக்கு அந்த அமைப்புத் தெரியும். மரக்கதவில் முகமூடிகள் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே ஏறத்தாழ 190 கல்லறைகள். நடுவில் நின்றபடி மச்சான் "இது பிரான்ஸ்தானா?" என்று கேட்டார்.

இரண்டாம் உலகப்போர், 1940 ஜூன் 19, 20 நாட்கள். அப்போதுதான் அரசைப் பொறுப்பேற்ற மார்ஷல் பெத்தான் சண்டையை நிறுத்தும்படி வானொலியில் சொல்லி இரண்டு மூன்று நாளாகிவிட்டது. லியோனைச் சண்டையில்லாமல் விட்டுவிடுவதென்று முடிவாகியிருந்தது. ஆனால் நகரத்துக்கு வடக்கே நின்ற 25ஆம் திராயேர் படைப்பிரிவுக்குக் கிடைத்த கட்டளை, நிலையை விடாதே என்பது. மோன்லூசான் மடத்திலும் ஷஸ்லேயிலும் குண்டு தீரும்வரை அடித்தார்கள். சரணடைந்த பிறகு ஜேர்மன்காரர் வெள்ளைக்காரச் சிப்பாய்களை ஒருபக்கமும் கறுப்புச் சிப்பாய்களை இன்னொருபக்கமும் பிரித்தார்கள். கறுப்பர்களை வயலுக்குள் நடக்கவிட்டு டாங்கிகளின் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். அந்த மாதம் பிரான்சின் வேறு பல இடங்களிலும் இதுதான் நடந்தது. அரெய்ன் என்ற ஊரில் சரணடைந்த கபித்தேன் ஷார்ல் ந்ச்சொரேரே காபோனைச் சேர்ந்தவர். தன்னை அதிகாரிகளோடு நிறுத்தவேண்டும் என்று கேட்டார். அவர் அணிந்திருந்த பட்டிகளும் அதைத்தான் சொல்லின. ஜூன் 7ஆம் திகதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

ஷஸ்லேயில் உடல்கள் வயல்களிலும் வீதியோரங்களிலும் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்து, நிலம் வாங்கி, இந்த மயானத்தைக் கட்டியவர் ஜோன் மார்சியானி; பழைய போர்வீரர்களுக்கான மாவட்டக் கந்தோரில் செயலாளராக இருந்தவர். செனகலின் டக்காரிலிருந்து மண் கொண்டுவரச் செய்தார். 1942 நவம்பர் 8ஆம் திகதி திறந்துவைத்தார்கள். மூன்றாம் நாள் ஜேர்மன் படை லியோனுக்குள் வந்துவிட்டது. ஒரு அரச உத்தியோகத்தன், தோற்றுப்போன நாட்டில், ஜேர்மன்காரன் எட்டின தூரத்தில் நிற்கும்போது இதைச் செய்தான் என்பது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

மாலிக்காரனின் பாட்டனார் 1940இல் பிடிபட்டு உயிர் தப்பியவர். கறுப்புக் கைதிகளைத் தங்கள் நாட்டுக்குள் கொண்டுபோக நாஜிகளுக்கு விருப்பமில்லை. ஆகவே பிரான்சிலேயே முகாம்கள் அமைத்து அடைத்தார்கள். மரம் வெட்டுதல், வீதி வேலை. 1943இலிருந்து சில முகாம்களில் காவலுக்கு நின்றவர்கள் பிரெஞ்சு அதிகாரிகள். தான் யாருக்காகச் சண்டை பிடித்தானோ அவனே இப்போது காவல் நிற்கிறான்.

இன்னொரு பக்கம், பெத்தானை ஏற்காமல் சண்டையைத் தொடர்ந்த டு கோலோடு முதலில் நின்ற பெரிய நிலப்பரப்பும் ஆபிரிக்காதான். 6ஆம், 8ஆம் மெற்றோவில் போகிறவர்கள் டோமெனில் நிலையப் பலகையில் கீழே பெலிக்ஸ் எபுவே என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். நான் அங்கே ஒரு வருடம் வண்டி மாறியிருக்கிறேன். யாரென்று தேடிப் பார்த்தது பிறகு. பிரெஞ்சுக் கயானாவில் பிறந்த கறுப்பர், சாட் நாட்டின் ஆளுநர். 1940 ஆகஸ்ட் 26இல் பெத்தானை விட்டு டு கோல் பக்கம் சாட் நாட்டைத் திருப்பியவர். அந்தச் சாட்டிலிருந்து டு கோலின் தளபதி லெக்லேர்க் கிளம்பி 1941 மார்ச்சில் லிபியாவின் குஃப்ராவைப் பிடித்தபோது அவரோடு பாலைவனம் கடந்தவர்களில் பெரும்பகுதி ஆபிரிக்கச் சிப்பாய்கள். அதே லெக்லேர்க்கின் டிவிசன் 1944 ஆகஸ்டில் பாரிஸுக்குள் நுழைகிற படங்களை ஒவ்வொரு ஆண்டும் தெருவில் தொங்கவிடுகிறார்கள். கறுப்பு முகம் தேடிப்பாருங்கள், ஒன்றிரண்டு கிடைத்தால் பெரிய காரியம். 1943இல் மொறொக்கோவில் டிவிசனை மாற்றியமைத்தபோதே அவர்களைக் கழற்றிவிட்டார்கள். பாரிஸுக்குள் போகிற டிவிசன் வெள்ளையர் டிவிசனாக இருப்பதே நல்லது என்று நேச நாட்டுத் தளபதிகள் எழுதிய கடிதங்கள் பிறகு வெளிவந்தன.

தெற்கே இறங்கியவர்களுக்கு நடந்ததைக் கேட்டால் இன்னும் வயிறு எரியும். 1944 ஆகஸ்ட் 15இல் புரோவான்ஸ் கரையில் தரையிறக்கம் தொடங்கியது. தூலோன் துறைமுகத்தை வீதி வீதியாகப் பிடித்ததில் திராயேர்களின் பங்கு பெரியது. அங்கிருந்து வடக்கே நடந்து, வொஸ்ஜ் மலைகளின் விளிம்புக்கு வந்து, ஜேர்மனிக்குள் போக இன்னும் கொஞ்சத் தூரமே இருக்கும்போது, இலையுதிர்காலத்தில் கட்டளை வந்தது: கறுப்புச் சிப்பாய்கள் திரும்பவேண்டும். ஏறத்தாழ 15,000 பேர். உள்ளூர் எதிர்ப்பியக்கப் பொடியன்களைப் படைக்குள் சேர்க்கவேண்டும், சீருடைக்குத் தட்டுப்பாடு, குளிரும் வருகிறது. காரணங்கள் எல்லாம் காகிதத்தில் நியாயமாகவே இருக்கின்றன. நடந்தது என்னவென்றால், சில இடங்களில் நின்ற நிலையிலேயே பெரிய கோட்டைக் கழற்று, தொப்பியைக் கழற்று, துவக்கைக் கொடு என்று வாங்கிப் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பொடியனுக்குப் போட்டுவிட்டார்கள். வெற்றி ஊர்வலத்துக்கு ஆள் மாறியாயிற்று.

கைதிமுகாம்களிலிருந்து விடுபட்டவர்களைக் கப்பலேற்றி டக்காருக்கு அனுப்பினார்கள். பக்கத்தில் தியாரோய் முகாம். அவர்கள் கேட்டது சிறைப்பட்டிருந்த காலத்துச் சம்பளப் பாக்கி. 1944 டிசம்பர் 1 விடியற்காலையில் பிரெஞ்சு இராணுவமே அவர்களைச் சுட்டது. அரச கணக்கு 35 பேர்; வரலாற்றாளர்களில் சிலர் முந்நூறுக்கும் மேல் என்கிறார்கள். தப்பியவர்களில் 34 பேருக்குத் தண்டனை. 2024இல்தான் கொல்லப்பட்டவர்களில் ஆறு பேருக்கு 'பிரான்சுக்காக இறந்தவர்' என்ற பட்டம் கொடுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் மக்றோன் அதைப் படுகொலை என்று ஏற்றுக் கடிதம் எழுதினார். எண்பது ஆண்டு.

இனி கார்த் விசயம். 2000களில், கார்த் என்கிற வதிவிட அட்டையைப் புதுப்பிக்க விடியப்புறம் வரிசைக்குப் போவோம். எனக்கு முன்னால் ஒருமுறை ஒரு செனகல் முதியவர் நின்றார். நீல அங்கி, உள்ளே கம்பளிச் சட்டை, கையில் பிளாஸ்ரிக் உறை. உறைக்குள் எங்கள் எல்லோருக்கும் இருப்பதுபோல மின்சார பில், வாடகைச் சீட்டு. அவற்றோடு பதக்கங்களுக்கான சான்றிதழ்களும் இருந்தன: இந்தோசீனா, அல்ஜீரியா. இந்த நாட்டுக்காகச் சுட்டவரும், இந்த நாட்டிடம் அடைக்கலம் கேட்டு வந்தவனும் ஒரே சாளரத்துக்கு முன்னால் நம்பர்த்துண்டோடு நிற்கிறோம். "ஊருக்குப் போக மனமில்லையா, தொந்தொன்?" என்று கேட்டேன்; தொந்தொன் என்றால் மாமா. முதியோர் உதவிப்பணம் வேண்டுமென்றால் வருடத்தில் ஆறு மாதமாவது இங்கே இருக்கவேண்டும் என்றார். மனைவி, பிள்ளைகள், பேரர்கள் எல்லோரும் ஊரில். அவர் விடுதியில் ஒரு சின்ன அறையில்.

பென்சன் எங்கே போனது என்றால், 1959 டிசம்பரில் ஒரு நிதிச் சட்டம். சுதந்திரம் அடைகிற நாடுகளின் பழைய சிப்பாய்களுக்குப் பென்சன் அந்த நாளில் நின்ற தொகையிலேயே உறையும்; விலைவாசி ஏறினாலும் ஏறாது. காலப்போக்கில் அது பிரெஞ்சுத் தோழர் வாங்குவதில் ஒரு துண்டாகிவிட்டது. எங்கள் குசினியில் ஒரு காலம் புதுச்சேரி அண்ணர் ஒருவர் வேலை செய்தார். அவருடைய தாத்தாவும் இந்தோசீனாவில் நின்ற 'சொல்தா', பிரெஞ்சுச் சிப்பாய். 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டபடியால் கடைசிவரை முழுப் பென்சன் புதுச்சேரிக்கு வந்தது. "எங்க தெருவில சொல்தா வீடுன்னா மாடி வீடுதான் தம்பி" என்று சொல்வார். அதே இராணுவம், அதே போர். பாஸ்போர்ட்டில் எழுதியிருந்ததுதான் வித்தியாசம்.

2001இல் மேல் நிர்வாக நீதிமன்றம் இது பாகுபாடு என்றது. 2006இல் வட ஆபிரிக்கச் சிப்பாய்களைப் பற்றி ஒரு படம் வந்து அப்போதைய சனாதிபதி சிராக்கே பார்த்த பிறகு கொஞ்சம் கூட்டினார்கள். 2010 மே 28இல் அரசியலமைப்புச் சபை, குடிமக்கள் வழக்கிலிருந்து வந்த கேள்விகளைத் தீர்க்கும் புதிய அதிகாரத்தில் கொடுத்த முதல் தீர்ப்பிலேயே அந்தச் சட்டப் பிரிவுகளை வெட்டியது. அதற்குள் பெரும்பாலானோர் மண்ணுக்குள். ஆறுமாத விதியை நீக்கியது 2023இல். புறநகர் பொந்தியில் அதற்காகப் பல ஆண்டு அலைந்தவர் ஐசத்தா செக், ஒரு திராயேரின் பேத்தி. ஏப்ரல் 28ஆம் திகதி ஒன்பது பேர் டக்காருக்கு விமானம் ஏறினார்கள். வரிசையில் நின்ற தொந்தொன் அவர்களில் இல்லை. வயதைக் கணக்குப் பார்த்தால் இருந்திருக்கவும் முடியாது.

நான் குடியுரிமைக்கு விண்ணப்பித்து நேர்முகத்துக்குப் போனபோது வரலாற்றுக் கேள்விகளுக்கு மனப்பாடம் செய்திருந்தேன்: 1789, 1905, 1944. உத்தியோகத்தர் பெண், நல்ல மனுசி, நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்யும் பந்தெயோனில் இருப்பவர்கள் யாரையாவது தெரியுமா என்று கேட்டா. விக்டர் ஹியூகோ சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பா. எபுவே என்றேன், 1949, அங்கே வைக்கப்பட்ட முதல் கறுப்பர் என்றேன். பேனாவை வைத்துவிட்டு, எங்கே படித்தீர்கள் என்றா. டோமெனிலில் வண்டி மாறுவேன் என்றேன்.

மாலிக்காரன் இப்போது சொந்தமாக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறான். பாட்டனாரின் சேவைப் பதிவை எடுக்கவேண்டும் என்று போன குளிர்காலம் என்னிடம் வந்தான். கடிதம் எழுத என் மகளைப் பிடித்தோம். இராணுவ ஆட்பதிவுகள் போ (Pau) நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வீட்டில் கிடைத்த பழைய காகிதத்தில் பிறந்த திகதி இல்லை, '1915 அளவில்' என்று மட்டும். பெயரை ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் வேறு மாதிரியும் எழுத்தர் எழுதியிருக்கிறார். கிராமத்தின் பெயரையே குடும்பப் பெயராகவும் ஒரு தரம் போட்டிருக்கிறார். அகதி விண்ணப்பத்தில் என் அப்பாவின் பெயர் எனக்குக் குடும்பப் பெயராகி, இன்றைக்கும் மருத்துவர் என்னை அப்பாவின் பெயரில்தான் கூப்பிடுகிறார். ஆகவே இந்த வேலை எங்களுக்குப் பழக்கம். எல்லா எழுத்துக்கூட்டல்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினோம். மாவட்டம், படைப்பிரிவு, பிடிபட்ட ஆண்டு சேர்த்தோம். பதிவுத்தபாலில் போட்டிருக்கிறோம், ரசீது அவனுடைய கடைக் காசுப்பெட்டிக்குள் கிடக்கிறது.